சிரிக்கச் சொன்ன மத்தியானம்

ஒரே காலையில் ஒரே அடுப்பை மூன்று தடவை பற்றவைத்த பொம்பளை இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். முதல் தடவை பால் காய்ச்ச. அது நியாயம். இரண்டாவது தடவை, "வெளிச்சம் பத்தல, கொஞ்சம் விடிஞ்சதும் எடுப்போம்" என்று இந்த மனுஷன் சொன்னதற்காக. மூன்றாவது தடவை, புகை என் முகத்தை மறைத்துவிட்டதாம். மறைக்காமல் என்ன செய்யும்? ஈர விறகு. முந்தின நாள் மேகம் கறுத்தபோதே விறகை உள்ளே எடுத்துப் போடுங்கள் என்று தொண்டை வற்றக் கத்தினேன். இவர் மழை வருவதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

என் புருஷனுக்கு நாலைந்து மாதமாக இந்தப் பைத்தியம் பிடித்திருக்கிறது. எங்களிடம் இருப்பது ஒரு மாடு, சில ஆடுகள், கொஞ்சம் கோழி, வீட்டுக்குப் பின்னால் காய்கறிப் பாத்தி. அவ்வளவுதான். இதில் நாங்கள் செய்கிற வேலையை எவர் பார்க்கப்போகிறார் என்று கேட்டால், முந்நூற்றுச் சொச்சம் பேர் பார்க்கிறார்களாம். வேலை வெட்டி இல்லாத முந்நூறு பேர் எங்கிருந்துதான் கிடைத்தார்களோ! 'எளிய வாழ்க்கை, இனிய வாழ்க்கை' என்று பெயர் வேறு. இவருக்கு எளிய வாழ்க்கைதான். எனக்கு ஒவ்வொரு வேலையும் இரண்டு தடவை.

வேறு நாளாக இருந்தால் முணுமுணுத்துக்கொண்டே செய்துவிட்டுப் போயிருப்பேன். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் என் மகள் கூப்பிடுவாள். அவளுக்கு நான் ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

நடக்கப் பழகிய நாளிலிருந்து என் பின்னாலேயே திரிந்ததால் அவளுக்கு வாலு என்று பேர். அந்த வாலுதான் இப்போது எங்கேயோ தூரத்தில், துணி தைக்கிற ஆலையில் வேலை பார்க்கிறாள். ஆலையோடு சேர்ந்த விடுதி. மற்ற நாளெல்லாம் போனை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம், அவ்வளவுதான் கையில் தருவார்கள். அவள் ஒப்புக்கொண்டு போன மூன்று வருஷம் இந்த மாதத்தோடு முடிகிறது. இருக்கிறவர்கள் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள். குரலே சரியில்லை.

"அம்மா, காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. செருப்புக்குள்ள நுழைய மாட்டேங்குது. கண்ண மூடுனா மெஷின் சத்தம்தான் கேக்குது. நான் வந்துடட்டுமாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இந்த மனுஷன் போனைப் பிடுங்கிக்கொண்டார். "எல்லா வேலையும் மொதல்ல அப்படித்தாம்மா இருக்கும். இப்படி ஒரு வேலை ஊருல யாருக்குக் கெடைச்சிருக்கு? கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்க" என்று ஆரம்பித்தார். மொதல்லயாம்! மூன்று வருஷம் ஆகிறது. அதற்குள் அங்கே போனைத் திருப்பி வாங்க வந்துவிட்டார்கள். அவசர அவசரமாக அவள் சொன்னது எனக்குக் கேட்டது: "வர்ற ஞாயித்துக்கெழம மத்தியானம் கூப்பிடறேன். சாப்பாடு முடிஞ்சதும் கையெழுத்து வாங்குவாங்க. அம்மா சொல்லட்டும்."

அந்த வாரம் முழுக்க அந்த ஒரு வார்த்தையை வாயிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். 'வா.' புல் அறுக்கும்போது, சாணி அள்ளும்போது, பாத்திரம் தேய்க்கும்போது எல்லாம் அதுதான். இவரிடமும் நடுவில் ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். "பாக்கலாம்" என்றார். இவர் அகராதியில் பாக்கலாம் என்றால் பேச்சை நிறுத்து என்று அர்த்தம். ஆலையில் வேலை பார்க்கும் மகள் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார் அல்லவா, அவள் திரும்பி வந்தால் இவருக்கு மூக்கு அறுந்துவிடுமாம். அறுந்தால் அறுந்துவிட்டுப் போகட்டும். நான் சொல்லத்தான் போகிறேன் என்று முடிவு கட்டியிருந்தேன்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே போன். என்னிடம் இருந்த சின்ன போன், நான் தண்ணீர் இறைப்பதை இவர் படம் பிடித்த நாளில், "குனி, இன்னும் குனி" என்று இவர் சொல்லச் சொல்ல நான் குனிந்து, இடுப்பிலிருந்து நழுவிக் கிணற்றுக்குள் போய்விட்டது.

பால் கறந்து முடித்துவிட்டு எழுந்தால், மாட்டுக் கொட்டகை வாசலில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"இன்னொரு தடவ கற."

"எங்கேர்ந்துங்க கறக்கறது? மடி வத்திப் போச்சு."

"சும்மா கறக்கற மாதிரி பண்ணு. பால் விழற சத்தத்த நான் அப்புறமா சேத்துக்கறேன்."

மாட்டுக்கு இது தெரியுமா? மகாராணி என்று நாங்கள் கூப்பிடுகிற அந்த மாடு, பேருக்கு ஏற்ற திமிர் பிடித்தது. ஒரு தரம் கறந்த மடியில் மறுபடி கை வைத்ததும் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தது. அப்புறம் காலைத் தூக்கியது. நான் தள்ளிக்கொண்டேன். செம்பு போய்ச் சுவரில் மோதியது. "சூப்பர்! இதையும் போடலாம்" என்றார் இவர். மாடு உதைத்ததைவிட அந்த சூப்பர்தான் எனக்கு வலித்தது.

அடுத்தது கோழி. நான் தானியம் வீசினால் கோழியெல்லாம் என்னைச் சுற்றி ஓடி வர வேண்டும். முதல் தடவை ஓடி வந்தன. இவர் பட்டனை அழுத்த மறந்துவிட்டார். இரண்டாவது தடவை பாதி வந்தன. மூன்றாவது தடவைக்கு எல்லாவற்றுக்கும் வயிறு நிறைந்து, நான் என்னமோ பைத்தியம் போல "பா, பா" என்று கூப்பிட, ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வாரத் தீனி மண்ணில் கிடந்தது.

துணி துவைத்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். முந்தின நாள் துவைத்துக் காய்ந்து மடித்து வைத்திருந்த துணியை எடுத்து மறுபடி தண்ணீரில் முக்கிப் பிழிந்து கொடியில் போடச் சொன்னார். காற்றில் துணி ஆடினால் பார்க்க நன்றாக இருக்குமாம். தலையில் அடித்துக்கொண்டு செய்தேன். சண்டை போட எனக்கு அன்றைக்குத் தெம்பில்லை. இருந்த தெம்பையெல்லாம் மத்தியானத்துக்கு என்று சேர்த்து வைத்திருந்தேன்.

"போன் அடிச்சா ஒடனே குடுத்துடணும்" என்று அப்போதே சொன்னேன்.

"என் கையிலதானே இருக்கு? அடிச்சா எனக்குக் கேக்காதா? செவிடா நான்?"

"நீங்க பேசக் கூடாது. நாந்தான் பேசுவேன்."

"சரி தாயே, நீயே பேசு. இப்ப அந்தத் துணிய ஒதறு."

வெயில் உச்சிக்கு ஏற ஏற எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. சமையலை உள்ளே வைத்துக்கொண்டால் போனைப் பக்கத்தில் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதுவும் நடக்கவில்லை. உள்ளே இருட்டாம். முற்றத்தில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்து, அதில் பூசணிக்காய்க் குழம்பு வைக்க வேண்டுமாம். பாத்தியிலிருந்து நான் காயைப் பறிப்பதிலிருந்து எடுக்க வேண்டுமாம். காயைக் காலையிலேயே பறித்து நறுக்கியும் வைத்துவிட்டேன் என்றேன். "அப்ப வேற ஒண்ணப் பறி" என்றார். இன்னும் முற்றாத பூசணி. பெற்ற பிள்ளையின் கழுத்தைத் திருகுகிற மாதிரி இருந்தது எனக்கு.

போனை ஒரு கோணியின் மேல் சாய்த்து வைத்தார். என்னமோ இரண்டு தரம் தட்டினார். தள்ளி நின்று பார்த்தார். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வீட்டில் ஒருநாளும் பேசாத தமிழில் ஆரம்பித்தார். "அன்பு நண்பர்களே, இன்று நம் தோட்டத்துப் பூசணியில், நம் வீட்டு அம்மாவின் கைப்பக்குவத்தில்..." நம் வீட்டு அம்மாவாம். என்னை ஒரு நாளாவது 'இந்தா' என்பதைத் தவிர வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாரா கேளுங்கள்.

வெங்காயத்தை வதக்கினேன். பூசணியைப் போட்டேன். தண்ணீர் ஊற்றினேன். ஒவ்வொன்றுக்கும் "மெதுவா, மெதுவா" என்றார். எனக்குக் காது முழுக்க அந்தப் போன் மேலேயே இருந்தது. என் நிழல் சுருங்கிக் காலடிக்குள் வந்துவிட்டது. இந்நேரம் அங்கே தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பாள். இந்நேரம் போனைக் கொடுத்திருப்பார்கள்.

"மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? எழவு வீட்டுல சமைக்கற மாதிரி. சிரி."

"சிரிப்பு வரலங்க."

"ஏதாவது நல்லதா நெனச்சுக்கோ. சிரிப்பு தானா வரும்."

நல்லதாக நினைத்துக்கொண்டேன். வேறு என்ன நினைப்பேன்? அவள் வந்துவிட்டால் ஜன்னல் பக்கத்துக் கட்டிலைத் தட்டிப் போட வேண்டும். வீங்கின காலுக்கு வெந்நீர் வைத்து ஊற்ற வேண்டும். ஒரு வாரம் அவளை எந்த வேலையும் தொட விடக் கூடாது, தூங்கட்டும். அவளா தூங்குவாள்? இரண்டாம் நாளே என் பின்னால் வந்து நின்றுகொண்டு, குழம்பில் உப்பு பத்தல என்பாள். அதை நினைத்ததும் எனக்கு உண்மையாகவே சிரிப்பு வந்துவிட்டது. கரண்டியைப் பிடித்தபடி முகமெல்லாம் சிரித்தேன்.

"அப்படித்தான்! அப்படித்தான்! அதே மாதிரி இரு!" என்று இவர் குதித்தார்.

குழம்பு இறங்கியது. அதற்குப் பிறகு அதை இவர் சாப்பிடுவதை எடுக்க வேண்டியிருந்தது. அதையும் இரண்டு தடவை சாப்பிட்டார். என் நிழல் கிழக்குப் பக்கம் நீள ஆரம்பித்திருந்தது.

"என்னங்க, இன்னும் அடிக்கலயே."

"வேலையா இருப்பா. அடிப்பா. இரு, இத ஏத்திடறேன், இன்னைக்கு நல்லா வந்திருக்கு."

போனை எடுத்துத் திரையை மேலிருந்து கீழே இழுத்து எதையோ தட்டினார். அதன் பிறகு வீடியோவை ஏற்றத் தட்டினார். அடுத்த நிமிஷம் போன் 'டிங்' என்றது. மறுபடி 'டிங்'. மறுபடி. மறுபடி. இவர் முகத்தில் ரத்தம் இறங்கிப் போனதை நான் பார்த்தேன்.

"என்னது அது?" என்றேன்.

போனைப் பிடுங்கிப் பார்த்தேன். இந்த எண்ணிலிருந்து உங்களை அழைத்தார்கள், அழைத்தார்கள், அழைத்தார்கள் என்று வரிசையாகக் கிடந்தது. எல்லாம் வாலுவின் எண்.

"அடிக்கவே இல்லயே! நான் பக்கத்துலயேதானே இருந்தேன்! எப்படிங்க அடிக்காம போகும்?"

"அது... வீடியோ எடுக்கும்போது நடுவுல போன் வந்தா எல்லாம் கெட்டுப் போகுதுன்னு... உரக்கடைக்காரர்தான் சொல்லிக் குடுத்தாரு. ஏரோப்ளேன் மாதிரி ஒரு பட்டன். அத அழுத்திட்டா எந்தப் போனும் வராது. எடுக்கும்போதெல்லாம் அழுத்தி அழுத்தி, இன்னைக்கும் கை தானா போயிடுச்சு..."

"இன்னைக்கு அவ கூப்பிடுவான்னு காலையிலேர்ந்து கத்திக்கிட்டிருக்கேனே! கை தானா போச்சா? வேணும்னே பண்ணீங்களா?"

"சத்தியமா இல்ல. நெஜமா மறந்துட்டேன்."

நிஜம்தான். அந்த முழியைப் பார்த்தாலே தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். வேண்டுமென்று செய்திருந்தாலாவது உட்கார்ந்து சண்டை போட ஒரு பிடி இருந்திருக்கும். மறந்துவிட்டாராம். பெற்ற மகளின் மூன்று வருஷத்தை ஒரு பூசணிக்காய்க் குழம்புக்காக மறந்துவிட்டாராம்.

திருப்பிக் கூப்பிட்டேன். நீங்கள் அழைத்த எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒருத்தி தேன் ஒழுகச் சொன்னாள். விடுதிக்கு அடித்தோம். அடித்து அடித்து ஓய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வார்டனுக்கு எதற்குப் போன்? மறுபடி அவள் எண். மறுபடி அந்தத் தேன்குரல். எனக்கு அந்த முகம் தெரியாத பொம்பளையின் வாயைக் கிழிக்க வேண்டும் போல் இருந்தது.

வாயில் வந்த வார்த்தையை எல்லாம் அன்றைக்கு இவரிடம் கொட்டினேன். உட்கார்ந்து வாங்கிக்கொண்டார். பதில் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் கத்திக்கொண்டிருக்க, ஜன்னலோரம் வைத்த போன் தன்பாட்டில் அந்த வீடியோவை ஏற்றி முடித்துவிட்டது. அதை நிறுத்த வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

வேலை மட்டும் யாருக்காகவும் நிற்காது. ஆட்டை மாற்றிக் கட்ட வேண்டும், கட்டினேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், காட்டினேன். முற்றத்து அடுப்பைக் கலைத்துச் சாம்பலை அள்ளினேன். கரி பிடித்த சட்டியைத் தேய்க்க உட்கார்ந்தவள் ஒரே இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தேன். இந்நேரம் பேனாவைக் கையில் கொடுத்திருப்பார்கள். இந்நேரம் கூப்பிட்டுப் பேரைச் சொல்லியிருப்பார்கள். நான் பெற்ற பிள்ளை, என் ஒரு வார்த்தைக்காகக் கடைசி வரைக்கும் அந்தப் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருப்பாளே என்று நினைக்க நினைக்க, சாம்பலும் கண்ணீரும் ஒன்றாய்ப் போய்விட்டன. இவர் பக்கத்தில் வந்து, "நான் தேய்க்கட்டுமா?" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்காத கேள்வி. "எட்டப் போயிடுங்க" என்றேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் போன் அடித்தது. மடியிலேயே வைத்திருந்தேன்.

"அம்மா."

"வாலு! கண்ணு! கையெழுத்து..."

"போட்டுட்டேம்மா."

அவளே மேலே பேசினாள். குரலில் அழுகை இல்லை. அழுது முடித்த குரல்.

"கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன். போன் அணைஞ்சே கெடந்துச்சு. அப்பா பக்கத்துல இருப்பாரு, வர வேண்டாம்னு வாய் விட்டுச் சொல்ல முடியாமத்தான் நீ போன அணைச்சு வச்சுட்டன்னு நெனச்சேன். சரி, அம்மாவுக்கு என்ன கஷ்டமோன்னு போட்டுட்டேன்."

"ஐயோ, அப்படி இல்லடி! அந்தப் பாழாப் போன வீடியோவுக்காக உங்கப்பா..."

"வீடியோ பாத்தேம்மா. இப்பத்தான் போன் குடுத்தாங்க, குடுத்ததும் அதான் வந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "ஒன் நெழலு காலுக்கு அடியில கெடந்துச்சு. நடு மத்தியானம். நான் அடிச்சுக்கிட்டு நின்ன நேரம். நீ சிரிச்சுக்கிட்டிருந்த."

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"அவ்வளவு அழகா நீ சிரிச்சு நான் பாத்ததே இல்லம்மா. ஒண்ணும் தப்பில்ல. நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா இருக்கீங்க. நான் எதுக்கு நடுவுல வந்துக்கிட்டு? இங்கயே இருந்துக்கறேன். வச்சுடட்டுமா?"

"வைக்காத!" என்று நான் போட்ட சத்தத்தில் கொட்டகையில் மாடு எழுந்து நின்றது. "வைக்காத. கேளு. சிரின்னு உங்கப்பா உசிர எடுத்தாரு. எனக்குச் சிரிப்பு வரல. நீ வந்தா எந்தக் கட்டில்ல படுப்பன்னு நெனச்சேன். குழம்புல உப்பு பத்தலன்னு வந்து நிப்பியேன்னு நெனச்சேன். அப்பத்தான் சிரிச்சேன். அந்தச் சிரிப்பு ஒனக்குடி. ஒனக்குத்தான் சிரிச்சேன்."

அந்தப் பக்கம் ஒரு விசும்பல் கேட்டது. அப்புறம் என் பிள்ளை வாய்விட்டு அழுதாள்.

"ஆனா கையெழுத்து போட்டுட்டேனேம்மா. இனிமே விட மாட்டாங்களே. அப்பா வேற என்ன சொல்லுவாரு?"

போனை இவர் பக்கம் நீட்டினேன். வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். நாள் முழுக்க அந்தப் போனைப் பார்த்து வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன், அதில் மகள் அழுதபோது ஒரு வார்த்தை வராமல் நின்றார். நான் திருப்பிப் பிடுங்கிக்கொண்டேன்.

"உங்கப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. நான் சொல்றேன். கையெழுத்த அவங்களே வச்சுக்கட்டும். துணிமணிய எடுத்துக் கட்டி வை. நாளைக்கு மொத பஸ்ஸுக்கு நான் கெளம்பறேன்."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான். சாப்பிட்டியா?"

"இல்ல."

"போய்ச் சாப்பிடு மொதல்ல."

வைத்துவிட்டேன். இவர் தலையைக் குனிந்தபடி, "அந்த வீடியோவ அழிச்சுடறேன்" என்றார்.

"அழிச்சா அவ போட்ட கையெழுத்து அழிஞ்சுடுமா?"

"நானும் கூட வரேன்" என்றார். ரெண்டு பேரும் போய்விட்டால் மாட்டை யார் பார்ப்பது என்று கேட்டேன். அப்புறம் சின்னக் குரலில், "அவங்க விடலேன்னா என்ன பண்ணுவ?" என்று கேட்டார்.

"விடற வரைக்கும் அந்த ஆலை வாசல்லயே உக்காந்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு, மாற்றுத் துணி எடுத்து வைக்க உள்ளே போனேன்.